மலேரியாக் காலத்துப் பழக்கம் டெங்குவுக்கு உதவாது

வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது நுளம்பைப் பற்றிக் கதை கொடுத்துப் பாருங்கள். முதலில் வருவது மலேரியாதான். எத்தனை தரம் வந்தது, எந்த இடப்பெயர்வில் வந்தது, மல்லாவியில் கிடந்து நடுங்கினதா முத்தையன்கட்டிலா, யார் சைக்கிள் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு உழக்கினது என்று வரிசையாக வரும். எனக்கும் வந்திருக்கிறது. மத்தியானம் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பின்னேரம் குளிரும். வீட்டில் இருக்கிற போர்வை, சேலை, சாக்கு எல்லாம் போட்டு மூடினாலும் பல்லுக் கிட்டும். பிறகு காய்ச்சல் கொதிக்கும், வியர்த்துக் கொட்டும், விட்டுவிடும். அடுத்த நாள் ஒன்றும் நடக்காதது போலப் பள்ளிக்கூடம் போவோம். அதற்கடுத்த நாள் ஏறக்குறைய அதே நேரத்துக்குத் திரும்பவும் நடுக்கம். அம்மம்மா அதை முறைக்காய்ச்சல் என்பா.

விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவி எடுப்பார்கள். வைவாக்ஸ் என்கிற மலேரியா வகை என்று வந்தால் குளோரோகுயின் குளிசை, கூடவே பிறைமாகுயின். குளோரோகுயினின் கசப்பு நாக்கை விட்டுப் போகவே போகாது. வாழைப்பழத்துக்குள் வைத்துத் தந்தாலும் பழத்தை விழுங்கிவிட்டுக் குளிசையைத் துப்புகிற கெட்டித்தனம் எங்களுக்கு இருந்தது. குளோரோகுயின் இரத்தத்தில் இருக்கிற கிருமியைக் கொல்லும். ஈரலுக்குள் உறங்கிக் கிடப்பதைக் கொல்லப் பிறைமாகுயின் 14 நாள் போடவேண்டும். காய்ச்சல் விட்டவுடன் குளிசையையும் விட்டவர்களுக்குத்தான் சில மாதம் கழித்து நுளம்பு கடிக்காமலே காய்ச்சல் திரும்பி வந்தது.

1995 கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் கடல்நீரேரி கடந்து இங்கே வந்தபோது மலேரியா என்றால் என்னவென்று அவர்களில் பலருக்குத் தெரியாது. வந்து சில கிழமையில் தெரிந்துகொண்டார்கள். மர நிழலிலும் தறப்பாளுக்குக் கீழேயும் படுத்திருந்தவர்களுக்கு வலை எங்கே, சுவர் எங்கே. அதுவரை எங்களைக் "காட்டுப்பக்கத்து ஆட்கள்" என்று கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்த சில பேர், எந்தக் குளிசையை எப்போது போடுவது என்று எங்கள் அம்மம்மாவிடம் வந்து கேட்டது எனக்கு நல்ல ஞாபகம்.

மருந்தடிக்கிறவர்கள் வருவது அப்போது ஊருக்கே ஒரு விசேஷம். முதுகில் பம்பைக் கொளுவிக்கொண்டு வருவார்கள். அரிசிப் பானை, குழந்தையின் தொட்டில், சாமிப் படம் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். மண்சுவரிலும் கிடுகிலும் மலத்தியன் அடித்துவிட்டுப் போனால் அந்த நாற்றம் இரண்டு மூன்று நாளுக்குச் சோற்றிலும் அடிக்கும். ஏன் சுவருக்கு அடித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கே மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் நுளம்பு ஆற்றுப் படுகையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெயில் படுகிற தெளிந்த தண்ணீரில் பெருகுவது. இரவில் வீட்டுக்குள் வந்து கடித்துவிட்டு, பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில் குந்தியிருந்து ஓய்வெடுக்கும். சுவரில் மருந்து இருந்தால் அங்கேயே சாகும். குந்துகிற இடத்தைப் பிடித்தார்கள், அதனால் வென்றார்கள். அதற்கு மேல் நீண்டகாலம் மருந்து நிற்கிற வலைகளும் வந்தன. 2000ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லை என்கிற நிலை வந்து, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. போர் நடந்த இந்த மண்ணிலும் அது நடந்தது சின்ன வேலை இல்லை. இரத்தம் எடுக்கக் கண்ணாடித் தகட்டோடு காட்டுப்பாதையில் சைக்கிள் உழக்கியவர்களுக்கு யாரும் விழா எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் அந்த வெற்றி எங்களுக்குச் சில பழக்கங்களை விட்டுப்போயிருக்கிறது. பொழுதுபட்டால் கதவைச் சாத்துவது, வேப்பிலைப் புகை போடுவது, இரவில் வலைக்குள் படுப்பது, மருந்தடிக்க அரசாங்கம் வரும் என்று காத்திருப்பது. நுளம்பு என்றால் குளத்திலிருந்தும் காட்டிலிருந்தும் வருகிற ஒன்று என்ற நம்பிக்கை எல்லாவற்றிலும் பெரியது. டெங்கு வந்தபோது இந்தப் பழக்கங்களோடுதான் அதை எதிர்கொண்டோம், இன்னும் பலர் அப்படித்தான் எதிர்கொள்கிறார்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, வீட்டுக்குள்ளேயும் வளவுக்குள்ளேயும் பிறக்கிறது, சுவரில் குந்துவதை விடக் கொளுவியிருக்கிற சேட்டுக்குப் பின்னாலும் கட்டிலுக்குக் கீழேயும் அலுமாரி இடுக்கிலும் ஒளிந்திருக்கவே விரும்புகிறது. ஒன்றுக்கொன்று தலைகீழ்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வளவுகளும் மாறின. முன்பு துலாக் கிணறும் மண்பானையும் இருந்த இடத்தில் இப்போது நீலப் பிளாஸ்ரிக் பரல், கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, சீமெந்துத் தொட்டி, யோகட் கப், போத்தல், பழைய ரயர். ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்புக்கும் இங்குமாக ஆட்கள் ஓயாமல் போய்வருகிறார்கள். டெங்கு ஆளோடுதான் பஸ் ஏறுகிறது. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு டெங்கு என்று பதிவாகி, நானூறுக்கு மேற்பட்டோர் இறந்த ஆண்டில் எங்கள் பக்கத்தையும் அது விட்டுவைக்கவில்லை. தெற்கில் யூன், யூலையில் ஏறும் டெங்கு, வடக்கில் மாரி மழையோடு கார்த்திகை, மார்கழி, தையில் ஏறும்.

என் மாமியின் வளவு வட்டக்கச்சிப் பக்கத்தில் இருக்கிறது. விடிய எழும்பித் தும்புத்தடியால் கூட்டி, சாணித் தண்ணீர் தெளித்து, ஒரு இலை விழுந்தாலும் பொறுக்காத மனுசி. டெங்குப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நாங்கள் சொல்கிற பி.எச்.ஐ., வந்த அன்று நானும் அங்கே நின்றேன். இளம் பொடியன். சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, முற்றம் நல்ல துப்புரவு. ஆனா நுளம்பு வளர்க்கிறீங்கள்" என்றார்.

மாமிக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "எங்கட வளவிலயோ? தம்பி, அது குளத்துப் பக்கத்தால வாறது. வயல் முழுக்கத் தண்ணி நிக்குது, வரேக்க பாக்கேல்லையோ?"

அவர் பதில் சொல்லாமல் குசினிக்குப் பின்னால் இருந்த நீலப் பரலடிக்குப் போனார். பரல் இறுக்கமாக மூடியிருந்தது. மாமி வெற்றியோடு என்னைப் பார்த்தா. அவர் பார்த்தது மூடியின் மேற்பக்கத்தை. அந்தப் பரல் மூடிகளின் மேல் ஓரத்தில் ஒரு வரம்பு இருக்கும், உள்ளே ஒரு விரல்கடை தாழ்வாக இருக்கும். இரண்டு நாளைக்கு முன்பு பெய்த மழையும் அதற்கு முந்தின கிழமை மழையும் அதில் தேங்கியிருந்தன. மூடியைச் சரித்து ஒரு வெள்ளைப் பீங்கானில் ஊற்றச் சொன்னார். ஊற்றினதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் அடங்கின பிறகு, தலை கீழே, வால் மேலே என்று தண்ணீரின் மேல்மட்டத்தில் சின்னச் சின்ன நூல் துண்டுகள் தொங்கின. கையை மேலே ஆட்டினார். நிழல் பட்டதும் எல்லாம் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. கொஞ்ச நேரத்தில் மூச்செடுக்கத் திரும்பவும் மேலே வந்தன. "வால் பக்கத்தால மூச்சு விடுது அம்மா. மலேரியா நுளம்பின்ர குடம்பி எண்டால் தண்ணியோட ஒட்டிப் படுத்துக் கிடக்கும். இது தொங்குது" என்றார். பிறகு மூடியின் வரம்பில் தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே விரலால் தடவிக் காட்டினார். கரித்தூள் போல ஏதோ ஒட்டியிருந்தது. அது முட்டை.

அந்த முட்டையைப் பற்றித்தான் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நான் நினைக்கிறேன். டெங்கு நுளம்பு தண்ணீரில் முட்டை இடுவதில்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமான ஓரத்தில் ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, திரும்ப மழை பெய்து தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறும்போது பொரிக்கும். கோடை முழுக்க வெறுமையாகக் கிடந்த தொட்டியில் முதல் மழைக்கே குடம்பி வருவது இதனால். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. பொச்சுமட்டை எடுத்து, சவர்க்காரம் போட்டு, உட்புறத்தை உரஞ்ச வேண்டும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு வரை ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். கிழமைக்கு ஒரு தரம் உரஞ்சினால் எதுவும் இறக்கை முளைக்கும் வரை போகாது. எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது எப்படியும் உண்டு. மாமி அன்று முதல் அந்தக் கழுவலைப் பரலடி வரை நீட்டிவிட்டா. பி.எச்.ஐ.யை மன்னித்தாவா என்று தெரியாது, ஆனால் இப்போது பக்கத்து வீட்டுக்காரியின் பரல் மூடியையும் எட்டிப் பார்க்கிறா.

பரலுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. கிழிந்த நுளம்பு வலையை இரண்டு மடிப்பாக வைத்து வாயில் விரித்து, பழைய சைக்கிள் ரியூப்பில் வட்டமாக வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டிவிடலாம். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், நுளம்பு இறங்காது. தொய்யாமல் கட்டவேண்டும். எங்களுக்குத் தண்ணீரைச் சேமிக்காதே என்று சொல்வது நடைமுறைக்கு உதவாத புத்தி. ஆவணியில் கிணறு அடி தெரிய, பவுசரில் தண்ணீர் வரும்போது இருக்கிற பாத்திரம் எல்லாம் நிரப்பத்தான் செய்வோம். வடக்கில் டெங்கு மாரி நோய் என்றாலும், நுளம்பு கோடையைக் கடப்பது இந்தச் சேமிப்புத் தண்ணீரில்தான்.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிரட்டை, ரயர், இளநீர்க் கோம்பை என்று சுவரொட்டியில் இருப்பதோடு நிறுத்திவிடுகிறோம். படலைக்கு நட்ட இரும்புக் குழாய்த் தூணின் மேல் வாய் திறந்திருந்தால் உள்ளே தண்ணீர் நிற்கும். மணலைப் போட்டுச் சீமெந்தால் அடைத்துவிடுங்கள். உழவு இயந்திரத்துக்கும் விறகுக்கும் மூடிய தறப்பாளின் மடிப்புகள். நெல்லுக் காயப்போட்ட படங்கைச் சுருட்டாமல் போட்டுவிட்டால் அதன் குழிகள். வீட்டுத்திட்டத்தில் அத்திவாரத்தோடு நிற்கிற வீடுகள், அடுக்கிவைத்த சீமெந்துக் கல்லின் துளைகள். கோழிக்கு வைக்கிற தண்ணீர்ச் சட்டி. மாட்டுத் தொட்டி. குசினி அலுமாரிக் காலுக்கு எறும்பு ஏறாமல் வைக்கிற கிண்ணம். அதில் தண்ணீருக்குப் பதிலாக உப்பைக் கொட்டினாலும் எறும்பு வராது. குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கிற தட்டு, அதை வாங்கின நாளிலிருந்து திறந்து பார்க்காத வீடுகள் எத்தனையோ. கூரைப் பீலியில் வேப்பம் சருகு அடைத்து நிற்கிற தண்ணீர். சாமி அறையில் பூ வைக்கிற செம்பு. மலசலகூடக் குழியின் காற்றுக் குழாய் வாயில் வலைத் துண்டு ஒன்று கட்டிவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு அது பெரிதாகப் பிடிக்காது, ஆனால் இரவில் காதுக்குள் பாடுகிற கியூலெக்ஸ் நுளம்பு கூட்டம் கூட்டமாக வருவது அங்கிருந்துதான்.

அந்தக் காதுக்குள் பாடுகிற நுளம்புதான் எங்களை ஏமாற்றுகிறது. காலபோகத்துக்கு வயலில் தண்ணீர் நிற்கிற காலத்தில் பொழுதுபட வெளியில் இருக்க முடியாது, அவ்வளவு மொய்க்கும். உடனே எல்லோரும் வயலையும் வாய்க்காலையும் திட்டுவார்கள். வயலில் பெருகுகிற நுளம்பில் ஒரு வகை மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியது, அதற்குத்தான் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதைத் தவறவிடக் கூடாது. டெங்குவைப் பரப்புவது வயல் நுளம்பு இல்லை. டெங்கு நுளம்பு சத்தம் போடாது. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம். காலையில் வெயில் ஏறுகிற நேரத்திலும், பின்னேரம் பொழுதுபடுவதற்கு முந்தின இரண்டு மணித்தியாலத்திலும் கூடுதலாகக் கடிக்கும். மேசைக்குக் கீழே, கணுக்காலில், படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத் தெரியாமலே கடித்துவிட்டுப் போகும். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு நூறு மீற்றரைத் தாண்டாது. பிள்ளையைக் கடித்த நுளம்பு உங்கள் வளவில், அல்லது அடுத்த வளவில் பிறந்தது. குளத்தில் இல்லை.

புகையடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் டெங்கு என்றால் முதல் கோரிக்கை, "புகையடிக்கச் சொல்லுங்கோ" என்பதுதான். மலேரியாக் காலத்து எதிர்பார்ப்பு அது. அந்தப் புகை அந்த நேரம் பறக்கிற நுளம்பை மட்டுமே கொல்லும். தண்ணீரில் இருக்கிற குடம்பிக்கு ஒன்றும் ஆகாது, முட்டைக்குச் சொல்லவே வேண்டாம். அடுத்த நாளே புதிது வெளிவரும். நோயாளி இருக்கிற வீட்டைச் சுற்றி, நோய் ஏறிய நுளம்பை உடனே கொல்ல அடிப்பதில் பயன் இருக்கிறது. அதிலும் எங்கள் சனம் புகைக்காரர் வருகிறார்கள் என்றதும் யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடும்! நுளம்பு இருப்பது உள்ளே, கட்டிலுக்குக் கீழே. சாப்பாட்டை மூடி, குழந்தைகளையும் தொய்வுக்காரரையும் தூரமாகக் கூட்டிப்போய்விட்டு, கதவு யன்னலைத் திறந்துவைக்கவேண்டும். நுளம்புத்திரியும் அப்படித்தான், மூடின அறைக்குள் விடிய விடிய எரிப்பது நெஞ்சுக்குக் கூடாது. வேப்பிலைப் புகை நுளம்பைக் கொஞ்ச நேரம் கலைக்கும். கலைப்பதும் ஒழிப்பதும் வேறு.

கிணறு வேறு கதை. பாவனையில் இருக்கிற கிணற்றில் அள்ள அள்ளத் தண்ணீர் கலங்கிக்கொண்டிருக்கும். பாவனையில்லாத கிணறும், காணிக்குக் கட்டிவிட்டு மறந்த தொட்டியும் கவனிக்கவேண்டியவை. அதற்குக் கப்பி மீன், திலாப்பியாக் குஞ்சு நல்லவை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் மீன் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள், சில வேளை அவர்களே தருவார்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டால் மீன் செத்துவிடும். மருந்தின் மணம் போனபிறகு புதிதாக விடவேண்டும். இதில் எங்கள் பகுதிக்கென்று இன்னொரு காரணம் இருக்கிறது. மலேரியா ஒழிந்தது என்று சான்றிதழ் கிடைத்த அதே 2016இன் இறுதியில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்கிற நுளம்பு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். இது ஆற்றுப் படுகையைத் தேடிப் போவதில்லை. கிணறும் தண்ணீர்த் தாங்கியும் சீமெந்துத் தொட்டியும் போதும். மலேரியா நுளம்புக்கு டெங்கு நுளம்பின் குணம் வந்தால் எப்படியிருக்குமோ அப்படி. கிருமி ஏறிய மனிதர் ஒருவர் வந்தால்தான் அது ஆபத்து. 2018இன் கடைசியில் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து இங்கிருந்த நுளம்பு வழியாக இன்னொருவருக்கு மலேரியா தொற்றியது. உடனே பிடித்துக் கட்டுப்படுத்திவிட்டார்கள். இந்தியாவுக்கு யாத்திரை போய்வருகிறவர்களும், அங்கே முகாம்களில் இருந்து ஊர் திரும்புகிறவர்களும் இங்கே நிறைய. வந்து சில மாதத்துக்குள் காய்ச்சல் என்றால், போய்வந்ததை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லி மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இன்றைய இளம் வைத்தியர் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள்.

இனி நோய் வந்தபிறகு நடப்பது. அக்காவின் மகனுக்குப் பதினாலு வயது. தைப்பொங்கல் முடிந்த கையோடு காய்ச்சல். தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோவு, கைகால் அடித்துப்போட்டது போல. அக்கா முதலில் கொண்டுபோனது ஒரு தனியார் மருந்தகத்துக்கு. அங்கே நோவுக்கென்று ஒரு குளிசை கொடுத்தார்கள். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்கு வந்த இடத்தில் அந்தப் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைக் குடுக்க வேண்டாம். டெங்கு எண்டால் உள்ளுக்க இரத்தம் கசிய வைக்கும். பனடோல் மட்டும் குடுங்கோ" என்றா. அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்ளோபினாக், மெபனமிக் அசிட் எதுவும் கூடாது. பனடோல் பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நேரத்துக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் ஒருபோதும் இல்லை. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான். காய்ச்சல் குறையவில்லை என்று பனடோலைக் கூட்டிக்கொடுத்து ஈரலைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்கச் சொல்லியிருந்தா. வெண்குருதிக் கலமும் குருதிச் சிறுதட்டும் குறையத் தொடங்கியிருந்தன, ஆனால் ஆபத்தான மட்டத்தில் இல்லை. நான்காம் நாள் விடிய உடம்பு சில்லென்று இருந்தது. அக்கா கோயிலுக்கு அருச்சனை சொல்லிவிட்டா. எல்லோருக்கும் சந்தோஷம், காய்ச்சல் விட்டுவிட்டதே.

மலேரியாவில் காய்ச்சல் விட்டால் நாங்கள் விளையாடப் போனோம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கணக்குப் பார்க்கவேண்டிய நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுவது அப்போதுதான்; ஒரு நாள், இரண்டு நாள் அது நீடிக்கும். எல்லோருக்கும் வராது, வந்தால் மளமளவென்று நடக்கும். மத்தியானம் பொடியன் வயிறு நோகுது என்றான். இரண்டு தரம் சத்தி எடுத்தான். கூப்பிட்டால் பதில் சொல்லச் சோம்பல். காலையிலிருந்து சலம் போகவில்லை என்று கேட்டபிறகுதான் சொன்னான். கையைப் பிடித்தால் குளிர். அக்கா ஓட்டோவைப் பிடித்து மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விட்டா.

விடுதியில் செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. சில மணித்தியாலத்துக்கு ஒரு தரம் விரலில் குத்தி இரத்தத்தின் தடிப்பைப் பார்த்தார்கள், நாடித்துடிப்பும் அழுத்தமும் அளந்தார்கள், குடித்த தண்ணீரும் போன சலமும் மில்லிலீற்றர் கணக்கில் ஒரு தாளில் எழுதப்பட்டது. சேலைன் கூட அளந்துதான் ஏற்றினார்கள். கசிவு நிற்கிற நேரத்தில் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வெளியே போன நீர் திரும்ப இரத்தத்துக்கு வரும்போது மூச்சு முட்டும். தாதி அந்தத் தாளை நிரப்புகிற பொறுப்பை அக்காவிடமே கொடுத்தா. குருதிச் சிறுதட்டு ஏற்றச் சொல்லிச் சொந்தக்காரர் எல்லோரும் தொலைபேசியில் நின்றார்கள், அது தேவைப்படவில்லை. டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த எண்ணிக்கை இறங்குவது இல்லை, கவனிக்காமல் விட்ட கசிவு. பொடியன் சில நாளில் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மாதம் ஒன்று வரை சோர்வு இருந்தது.

ஆகவே காய்ச்சல் என்றால் வீட்டிலேயே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்: எப்போது காய்ச்சல் தொடங்கியது, என்ன குடித்தது, கடைசியாக எப்போது சலம் போனது. விடாமல் சத்தி, வயிற்று நோ, மயக்கம், குளிர்ந்த கைகால், ஆறு மணித்தியாலமாகச் சலம் இல்லை, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், பெண்களுக்கு வழமைக்கு மாறான மாதவிடாய், இதில் ஒன்று இருந்தாலும் நாளை பார்ப்போம் என்று நிற்க வேண்டாம். குருதிச் சிறுதட்டு ஒரு இலட்சத்துக்குக் கீழே வந்தால் ஆள் தெம்பாக இருந்தாலும் விடுதியில் இருக்கவேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் வயதானவர்களும் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. குடிக்க வெறும் தண்ணீரை விட ஜீவனி, இளநீர், கஞ்சித் தண்ணீர், பழச்சாறு நல்லது. சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிர்த்துவிடுங்கள். சத்தி எடுத்தால் இரத்தமா பீற்றூட்டா என்று வைத்தியருக்குத் தெரியாமல் போகும். பப்பாசி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்கும் மூன்று பேர் இலையோடு வந்தார்கள். வைத்தியர்கள் அதை மருந்தாக ஏற்பதில்லை. அந்தக் கசப்பில் வயிறு புரட்டினால் உள்ளே போன கஞ்சியும் சேர்ந்து வெளியே வரும். அக்கா இலையை வாங்கி வைத்துவிட்டு நன்றி சொல்லி அனுப்பினா.

இன்னொன்று, நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்கவைக்கவேண்டும். காய்ச்சல் இருக்கிற நாட்களில் அவரைக் கடிக்கிற நுளம்பு கிருமியை ஏற்றிக்கொள்ளும். எட்டுப் பத்து நாளில் அது அடுத்தவருக்குக் கொடுக்கத் தயார். ஒரு ஒழுங்கையில் ஒருவருக்கு வந்து இரண்டு கிழமை கழித்து அடுத்த வீட்டுக்கு வருவது இப்படித்தான். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒன்று வந்தால் அந்த வகைக்கு மட்டும்தான் பாதுகாப்பு, வேறொன்று வரும்போது கடுமையாகக்கூடும். "எனக்கு ஒருக்கா வந்திட்டுது, இனிப் பயமில்லை" என்பது சரியில்லை.

அக்கா வீட்டு வளவில் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. பின் வேலிக்கு அப்பால் இருந்தது விஷயம். சொந்தக்காரர் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது. பற்றை ஆளுயரம். முன்பு பதுங்குகுழி வெட்டிய பள்ளம், மூடி பறந்துபோன தண்ணீர்த் தாங்கி, கூரையில் ரயர். வன்னியில் இப்படி வளவு இல்லாத ஒழுங்கை இல்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் காணியின் சொந்தக்காரர் மேலும் குடியிருப்பவர் மேலும் பொறுப்பைப் போடுகிறது. குடம்பி பிடிபட்டால் வழக்கும் தண்டமும் உண்டு. ஆனால் கனடாவில் இருக்கிறவருக்கு இங்கே வழக்குப் போட்டு என்ன செய்வது? கடைசியில் வேலை செய்தது சட்டம் இல்லை, வைபர். அந்தத் தாங்கியின் படத்தையும் வைத்தியசாலைக் கட்டிலில் பொடியன் படுத்திருக்கிற படத்தையும் அக்கா அவர்களுக்கு அனுப்பினா. ஒரு மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது, அடுத்த கிழமை கூலிக்கு ஆள் பிடித்துத் துப்புரவாக்கினார்கள். மாதம் ஒரு தரம் ஒருவர் போய்ப் பார்க்கச் சம்பளமும் அனுப்புகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் இதைப் படித்தால், கோயில் திருவிழாவுக்கு அனுப்புகிற காசில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளைகள் பகலில் இருப்பது பள்ளிக்கூடத்தில் என்பதால் அதையும் பார்க்கவேண்டியிருந்தது. மார்கழி விடுமுறையில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், மழையும் அப்போதுதான். மலசலகூடச் சிஸ்ரேன், கை கழுவுகிற தொட்டி, பழைய தளபாடம் குவித்த இடம், கூரைப் பீலி எல்லாம் யாரும் தொடாமல் கிடக்கும். தையில் திறக்கிற அன்று வெள்ளைச் சப்பாத்தோடு போகிற முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வரவேற்பது ஒரு மாத விளைச்சல் நுளம்பு. பெற்றோர் கூட்டத்தில் இதை எடுத்தபோது, திறக்கிறதுக்கு முதல் நாள் சிரமதானம் வைப்போம் என்றார்கள். முதல் நாள் என்றால் குடம்பியைக் கொட்டலாம், பறந்துவிட்டதை என்ன செய்வது என்று பி.எச்.ஐ. கேட்டார். பூட்டுகிற அன்றே சிஸ்ரேனையும் தொட்டியையும் வெறுமையாக்கி உரஞ்சிவிட்டுப் போவது, விடுமுறையில் கிழமைக்கு ஒரு வகுப்புப் பெற்றோர் வந்து சுற்றிப் பார்ப்பது என்று முறை போட்டோம். ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்கு நத்தார்க் கிழமை விழுந்துவிட்டது, அதில் மட்டும் கொஞ்சம் சண்டை. ஐந்தாம் ஆண்டுக்காரர் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள்.